சீல் மாற்றியும் நிற்காத ஆயில் கசிவு

முதலில் கண்ணில் பட்டது முன் பிரேக் டிஸ்க்கின் ஓரத்தில் தெரிந்த பளபளப்புதான். மதுரையில் வீட்டு வாசலில் நிறுத்தி வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தேன். முன் சக்கரத்தின் இரு பக்கமும் அதிர்வைத் தாங்கும் இரண்டு ஃபோர்க்குகளில், வலப்பக்க ஃபோர்க்கின் கீழ்ப்பகுதியில் தூசி அப்பிக் கறுத்திருந்தது. அதன் நடுவே எண்ணெய் வழிந்த தடம் ஒன்று, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் வரை இறங்கியிருந்தது. துணியால் துடைத்ததும் போய்விட்டது. மறுநாள் வேலைக்குப் போய்த் திரும்பியதும் குனிந்து பார்த்தேன். அதே இடத்தில் அதே தடம்.

வண்டி அப்பாவுடையது. 150 சிசி பைக், 2012இல் வாங்கியது. தூத்துக்குடியில் பத்து வருஷத்துக்கு மேல் அவர் கையில் ஓடியது. கண் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். அதன்பின் ஒன்றரை வருஷம் வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் சும்மா நின்றது. கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டர் கூட இல்லாத இடம். அங்கிருந்து மதுரைக்குக் கொண்டு வந்து, டயர், பேட்டரி, கார்புரேட்டர் எல்லாம் சரிபார்த்து நான் ஓட்டத் தொடங்கி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. வண்டி நின்ற இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கசிவின் காரணம் அங்கேதான் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது.

டிஸ்க் இருக்கும் பக்கம் எண்ணெய் தெரிந்தால், அது எந்த எண்ணெய் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். ஃபோர்க் ஆயிலாக இருக்கலாம், பிரேக் ஆயிலாகவும் இருக்கலாம். பிரேக் ஆயில் கசிந்தால் அன்றே வண்டியை நிறுத்திவிட வேண்டும். நான் வெறும் தண்ணீரை வைத்துச் சோதித்தேன். ஒரு கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து, தடத்திலிருந்து வழித்த சொட்டை அதில் விட்டேன். நம் வண்டிகளில் ஊற்றும் டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் தண்ணீரில் கரைந்துவிடும். ஃபோர்க் ஆயில் கரையாமல் மேலே மிதந்து வானவில் நிறம் காட்டும். எனக்கு மிதந்தது. பிரேக் ஆயில் பெயின்ட்டையும் அரிக்கும். அது வழிந்த இடத்தில் பெயின்ட் உப்பியோ உரிந்தோ இருந்தால் அதுவும் ஓர் அடையாளம்.

அடுத்து, ஃபோர்க் ஆயில் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். சாதாரண டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கில் மேலே குரோம் பூசிய எஃகுக் குழாய் இருக்கும். பட்டறையில் அதை ராடு என்பார்கள். அது கீழே இருக்கும் அலுமினியக் கூட்டுக்குள் ஏறி இறங்கும். அந்தக் கூட்டுக்குப் பெயர் பாட்டம். 1935இல் பிஎம்டபிள்யூ தன் ஆர்12 வண்டியில் கொண்டு வந்த ஃபோர்க்கிலிருந்து இன்றைய வண்டிகள் வரை அடிப்படை ஒன்றுதான்: குழாய்க்குள் குழாய், ஸ்பிரிங், அதிர்வை அடக்க எண்ணெய். எண்ணெய் வெளியே வர மூன்று வழி உண்டு. உச்சியில் இருக்கும் மூடியின் ஓ-ரிங் (சின்ன ரப்பர் வளையம்), பாட்டத்தின் வாயில் ராடைச் சுற்றி எண்ணெயைத் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல், அடியில் இருக்கும் ஆலன் போல்ட்டின் செப்பு வாஷர். மூடியில் கசிந்தால் ராடு மேலிருந்தே ஈரமாக இருக்கும். அடி போல்ட்டில் கசிந்தால் அச்சுக்குப் பக்கத்தில் சொட்டும், ராடு காய்ந்திருக்கும். சீல் போயிருந்தால் ராடைச் சுற்றி எண்ணெய் வளையம் விழும்.

ராடு முழுக்கச் சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாகக் காய வைத்தேன். முகத்துக்குப் போடும் பவுடரை ராடிலும் பாட்டத்திலும் லேசாகத் தூவினேன். முன் பிரேக்கை இறுகப் பிடித்துக்கொண்டு, ஹேண்டில் பாரின் மேல் உடம்பு எடையைப் போட்டுப் பத்து முறை அமுக்கி விட்டேன். வலப்பக்க ராடில் பவுடர் ஈரமாகி வளையம் தெளிவாக விழுந்தது. இடப்பக்கம் அப்படியே வெள்ளையாக இருந்தது. நல்ல சீலிலும் ராடின் மேல் விரலில் ஒட்டாத அளவுக்கு மெல்லிய படலம் இருக்கும், அது சீலின் உதட்டுக்கு, அதாவது ராடைத் தொடும் விளிம்புக்கு, தேவை. வளையமாகத் திரண்டாலோ வழிந்தாலோதான் கசிவு.

முதல் வைத்தியம் எக்ஸ்ரே ஃபிலிம். பழைய எக்ஸ்ரே ஃபிலிமை விரல் அகலத்துக்கு வெட்டி, ஒரு முனையில் கொக்கி போல ஒரு வெட்டு விட்டேன். ஆயில் சீலுக்கு மேலே தூசியைத் தடுக்கும் டஸ்ட் சீலை ஸ்க்ரூடிரைவரால் மெல்ல நெம்பி மேலே ஏற்றினேன். ஃபிலிமை ராடுக்கும் சீலுக்கும் இடையே நுழைத்து ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தேன். கறுப்பாக மண் வந்தது. சீலின் உதட்டுக்கு அடியில் ஒரு மணல் துணுக்கு மாட்டினாலும் எண்ணெய் வெளியேற அது போதும். மண்தான் காரணம் என்றால் கசிவு இதிலேயே நின்றுவிடும். எனக்கு நான்கு நாள் நின்றது. ஐந்தாம் நாள் வளையம் திரும்ப விழுந்தது. ஆனாலும் சொல்கிறேன், சீல் வாங்கப் போவதற்கு முன் இதை ஒருமுறை செய்து பாருங்கள். பத்து நிமிட வேலை, செலவு எதுவும் இல்லை.

அப்புறம் ஒரு பட்டறையில் விட்டேன். வலப்பக்கச் சீலை மாற்றி, ஆயில் ஊற்றி, அன்று மாலையே கொடுத்துவிட்டார்கள். சரியாக மூன்று வாரம். மறுபடி வளையம். திரும்பப் போனபோது, "சீல் குவாலிட்டி சரியில்ல சார், வேற கம்பெனி போட்டுப் பார்ப்போம்" என்றார்கள். எனக்கு மனசு ஒப்பவில்லை. புதுச் சீல் முதல் நாளிலேயே கசிந்திருந்தால் அந்தப் பேச்சை ஏற்றிருப்பேன். மூன்று வாரம் நன்றாகத் தாங்கிவிட்டுப் பிறகு கசிந்தது என்றால், அந்த மூன்று வாரத்தில் ஏதோ ஒன்று அதை அறுத்திருக்க வேண்டும்.

தெப்பக்குளம் பக்கம் சின்னக் கடை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணனை நண்பன் காட்டினான். வயது அறுபதைத் தாண்டியவர். நான் நடந்ததையெல்லாம் சொல்லி முடிக்கும்வரை கேட்டுவிட்டு, ஸ்பேனரைத் தொடாமல் வண்டி முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். ராடைப் பனியன் வேஸ்டால் துடைத்தார். கட்டை விரல் நகத்தை ராடின் மேல் வைத்து மேலிருந்து கீழாக மெதுவாக இழுத்தார். கொஞ்சம் திருப்பி மறுபடி இழுத்தார். பின்பக்கம், வெளிச்சம் படாத இடத்தில் நகம் நின்றது.

"தம்பி, இங்க நகத்த வச்சுப் பாருங்க."

வைத்தேன். கடுகில் பாதி கூட இருக்காது, ஒரு குழி. அதற்குக் கீழே இன்னும் இரண்டு.

"சீல் மேல குத்தம் இல்ல. வண்டி கடற்கரை ஊர்ல நின்னுச்சா?"

நான் ஊரைச் சொல்லவே இல்லை. எப்படித் தெரியும் என்று கேட்டேன். தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கமிருந்து வரும் வண்டிகளில் இதை நிறையப் பார்த்திருப்பதாகச் சொன்னார். குரோம் பூச்சு கண்ணாடி போலத் தெரிந்தாலும் அதில் கண்ணுக்குத் தெரியாத மயிரிழை வெடிப்புகள் உண்டு. ஓடுகிற வண்டியில் சீல் ராடின் மேல் எண்ணெயைத் தடவிக்கொண்டே இருப்பதால் அந்த வெடிப்புகளில் ஈரம் எளிதில் இறங்காது. நின்றுபோன வண்டியில் எண்ணெய்ப் படலம் காய்ந்துவிடும். உப்புக் காற்றின் ஈரம் உள்ளே புகுந்து அடியில் இருக்கும் எஃகு துருப்பிடிக்கும். துரு உப்பி குரோமைப் பெயர்த்துத் தள்ளும். பெயர்ந்த குழியின் விளிம்பு பிளேடு மாதிரி. ஒவ்வொரு வேகத்தடையிலும் அந்த விளிம்பு சீலின் உதட்டைக் கடந்து போய் வரும். எந்தக் கம்பெனிச் சீல் போட்டாலும் மூன்று வாரம்தான்.

குழி எந்த உயரத்தில் இருக்கிறது என்பது முக்கியம். சாதாரண வண்டிகளில் ஃபோர்க் 12, 13 சென்டிமீட்டர் வரை ஏறி இறங்கும். சீல் தொடுகிற அந்த நீளத்துக்குள் குழி இருந்தால்தான் கேடு. உங்கள் வண்டியில் சீல் எதுவரை போகிறது என்று அறிய, ராடில் டஸ்ட் சீலுக்குச் சற்று மேலே ஒரு கேபிள் டையைக் கட்டிவிட்டு ஒரு நாள் ஓட்டுங்கள். ஃபோர்க் அமுங்கியபோது பாட்டம் அதைத் தள்ளிக்கொண்டு போன இடத்தில் அது நிற்கும். என் வலப்பக்க ராடில் மூன்று குழிகளும் டஸ்ட் சீலுக்கு மேலே நான்கு சென்டிமீட்டருக்குள். ராடின் மேல்பகுதியை இரண்டு கிளாம்ப்புகள் வண்டியோடு பிடித்திருக்கும்; இடப்பக்க ராடில் கீழ் கிளாம்ப்பை ஒட்டி ஒரு துருக்கறை இருந்தது. அங்கே சீல் வருவதே இல்லை என்பதால் அதைத் துடைத்துவிட்டு விட்டுவிட்டோம்.

சின்னச் சொரசொரப்பு மட்டும் என்றால் 1500, 2000 நம்பர் உப்புத்தாளை எண்ணெயில் நனைத்து, தூக்கி நிற்கும் விளிம்பை மட்டும் தேய்த்துச் சமன்படுத்தலாம். ஆழமான குழியை எப்போக்ஸி வைத்து அடைத்துத் தேய்ப்பவர்களும் உண்டு. பழைய, உதிரிபாகம் கிடைக்காத வண்டிக்கு வேறு வழி இல்லாதபோது அதைச் செய்யலாம், அல்லது ராடைத் தேய்த்து மறுபடி ஹார்ட் குரோம் போடக் கொடுக்கலாம். என் வண்டிக்குப் புது ராடு கடையில் கிடைத்தது. அடைத்துப் பார்ப்போமா என்று நான் கேட்டதற்கு அண்ணன், "பிரேக் புடிக்கிற பக்கம் தம்பி, புதுசே போட்டுருவோம்" என்றார். அதற்கு மேல் நான் பேசவில்லை. பழைய இரும்புக் கடையில் ராடு தேடுவதாக இருந்தால் கண்ணாடிப் பலகையின் மேல் உருட்டிப் பார்த்து வாங்குங்கள். நடுவில் வெளிச்சம் விட்டு விட்டுத் தெரிந்தால் வளைந்த ராடு. விபத்துக்குள்ளான வண்டியிலிருந்து கழற்றியதாக இருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை அவர் கடையிலேயே வேலை நடந்தது. நானே செய்ய வேண்டும், அவர் பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். சம்மதித்தார்.

சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினுக்கு அடியில் மரக்கட்டை கொடுத்து முன் சக்கரத்தைத் தூக்கினோம். சக்கரத்தைக் கழற்றும் முன்பே செய்ய வேண்டிய இரண்டு வேலைகளை அவர் சொன்னார். மேல் கிளாம்ப் போல்ட்டைத் தளர்த்திவிட்டு, உச்சி மூடியைக் கால் சுற்று மட்டும் இளக்க வேண்டும். கீழ் கிளாம்ப் ராடைப் பிடித்திருப்பதால் இப்போது எளிதில் இளகும். வெளியே எடுத்த பிறகு ராடைப் பிடித்துக்கொள்ள இடம் இருக்காது. இரண்டாவது, பாட்டத்தின் அடியில் இருக்கும் ஆலன் போல்ட். ஸ்பிரிங் உள்ளே அழுத்திக்கொண்டிருக்கும்போதே அதையும் இளக்கிவிட வேண்டும். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டால் உள்ளே எண்ணெயின் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் டேம்பர் ராடு என்ற குழாயும் போல்ட்டோடு சேர்ந்து சுற்றும், போல்ட் வராது. அப்படி மாட்டிக்கொண்டவர்கள் மண்வெட்டிக் காம்பைக் கூராகச் சீவி மேலிருந்து உள்ளே அழுத்திப் பிடித்துக் கழற்றுவார்கள்.

காலிப்பரைக் கழற்றி ஹேண்டில் பாரில் கயிற்றால் கட்டினோம். ஹோஸில் தொங்க விடக் கூடாது. டிஸ்க் இல்லாதபோது யாராவது பிரேக் லீவரை அமுக்கினால் காலிப்பரின் பிஸ்டன் வெளியே வந்துவிடும் என்பதால் பிரேக் பேடுகளுக்கு நடுவே அட்டை மடித்துச் செருகினோம். ஃபோர்க்குகள் வெளியே வந்ததும் மூடியை முழுக்கக் கழற்றும்போது துணியால் மூடி, முகத்தை விலக்கிக்கொண்டு கழற்றினேன். ஸ்பிரிங் அமுங்கியே இருக்கும், மூடியைத் துப்பும்.

வலப்பக்கத்து எண்ணெய் சாம்பல் நிறத்தில், கெட்டுப்போன மீன் நாற்றத்தோடு வந்தது. அளவு ஜாடியில் 110 மில்லி. இடப்பக்கம் 155. வலப்பக்கம் எண்ணெய் இப்படிக் குறைந்ததால்தான் கடைசி வாரங்களில் பிரேக் பிடித்தபோதெல்லாம் வண்டியின் மூக்கு சட்டென்று கீழே இறங்கியது. ஹேண்டில் திரும்ப உதவும் பேரிங்கான கோன் செட் தளர்ந்திருக்கும் என்று நான் தப்பாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

டஸ்ட் சீலை நெம்பி எடுத்து, ஆயில் சீல் மேலே வராமல் பிடிக்கும் கம்பி வளையமான சர்க்கிளிப்பைக் கழற்றி, அடி போல்ட்டை எடுத்ததும் ராடு கையோடு வந்தது. எல்லா வண்டியிலும் இப்படி வராது. பாட்டத்தின் வாயில் புஷ் (ராடு உரசி நகரும் உலோக வளையம்) இருக்கும் வண்டிகளில் ராடை வெளிப்பக்கமாகப் பலமுறை வெடுக்கென்று இழுத்துத்தான் சீலையும் புஷ்ஷையும் சேர்த்து வெளியே எடுக்க முடியும். டேம்பர் ராடின் அடிமுனையில் கிண்ணம் போல ஒரு சின்ன அலுமினியத் துண்டு இருக்கும். எண்ணெயைக் கொட்டும்போது அது சத்தமில்லாமல் விழுந்துவிடும், தேடி வைத்துக்கொள்ளுங்கள். ஆயில் சீலை நெம்பும்போது பாட்டத்தின் விளிம்பில் துணியை மடித்து வைத்தோம். அலுமினியம் மென்மையானது. சீல் உட்காரும் இடத்தில் ஸ்க்ரூடிரைவர் கீறினால் அந்தக் கீறல் வழியே வெளிப்பக்கமாகக் கசியும்.

சீலின் மேல் 31, 43, 10.3 என்று எண்கள் இருந்தன. உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன், மூன்றும் மில்லிமீட்டரில். கடைக்குப் போகும்போது பழைய சீலையே கொண்டு போய் எண்ணைப் பொருத்திப் பாருங்கள். வண்டியின் பெயரை மட்டும் சொல்லி வாங்கினால் மாடலுக்கு மாடல் மாறிவிடுகிறது. இரண்டு பக்கத்துக்கும் ஆயில் சீல், டஸ்ட் சீல் வாங்கினேன். இடப்பக்கம் கசியவில்லையே என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. அதே வயதுச் சீல், அதே கொட்டகையில் நின்ற சீல்.

புதுச் சீலை ராடின் வழியே இறக்கும்போது அதன் உதடு கிழிவதற்குப் பெரிய வாய்ப்பு இருக்கிறது. ராடின் மேல்முனை விளிம்பு கூர்மையாக இருக்கும். அதன் மேல் மெல்லிய பிளாஸ்டிக் பையைச் சுற்றி, ஃபோர்க் ஆயில் தடவி, அதன் வழியே சீலை இறக்கினோம். ஸ்பிரிங் வளையம் நன்றாகத் தெரியும் பக்கம் கீழே, எண்ணெயை நோக்கி. எழுத்து இருக்கும் பக்கம் மேலே. அடித்து உட்கார வைக்க அவரிடம் ஒரு பிவிசி பைப் துண்டு இருந்தது. ராடுக்கு மேலே சரியாக நுழையும் அளவு, இரண்டு முனையும் லேத்தில் சமமாக வெட்டியது. பழைய சீலைப் புதியதன் மேல் வைத்து, பைப்பால் சுற்றிச் சுற்றித் தட்டினேன். ஒரே பக்கம் தட்டினால் சீல் சாய்ந்துவிடும். சர்க்கிளிப் போடும் பள்ளம் முழு வட்டமும் கண்ணில் தெரியும்வரை இறக்க வேண்டும். கிளிப் முழுக்க உட்காரவில்லை என்றால் ஒரு பெரிய பள்ளத்தில் விழுந்தவுடன் சீல் மேலே ஏறிவிடும். அடி போல்ட்டுக்குப் புதுச் செப்பு வாஷர் போட்டோம்.

எண்ணெய் அளவில் பட்டறைக்காரர்கள் பலர் அசட்டையாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன். "கொஞ்சம் சேர்த்து ஊத்துனா டைட்டா இருக்கும்" என்பார்கள். டைட்டாகத்தான் இருக்கும், ஆனால் எதனால்? ஃபோர்க்குக்குள் எண்ணெய்க்கு மேலே கொஞ்சம் காற்று இருக்கிறது. எண்ணெய் கூடினால் காற்றுக்கு இடம் குறையும். ஃபோர்க் அமுங்கும்போது அந்தக் கொஞ்சக் காற்றின் அழுத்தம் எகிறும். அந்த அழுத்தத்தைத் தாங்குவது புதுச் சீல்தான். என் வண்டிக்குக் கையேட்டில் ஒரு ஃபோர்க்குக்கு 170 மில்லி, எண்ணெயின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் தரம் 10டபிள்யூ. உங்கள் வண்டிக்கு இந்த எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள், உங்கள் கையேட்டைப் பாருங்கள். முழுக்கப் பிரித்துச் சேர்க்கும்போது ஒரு அளவும், எண்ணெய் மட்டும் மாற்றும்போது அதைவிடக் குறைந்த அளவும் சில கையேடுகளில் தனித்தனியாக இருக்கும். ஊற்றிய பிறகு ராடைப் பத்துப் பதினைந்து முறை மெதுவாக ஏற்றி இறக்கிக் காற்றுக் குமிழியை விட்டோம். ஸ்பிரிங் போடாமல், ராடை முழுக்க உள்ளே இறக்கி, மேல் விளிம்பிலிருந்து எண்ணெய் மட்டம் வரை ஸ்டீல் ஸ்கேலால் அளந்து இரண்டு பக்கமும் சமம் என்று உறுதி செய்தோம்.

மாட்டும்போது அச்சையும் கிளாம்ப்பையும் எடுத்த எடுப்பில் இறுக்கவில்லை. சக்கரம் போட்டு, வண்டியைத் தரையில் இறக்கி, முன்பக்கத்தை நான்கைந்து முறை அமுக்கி விட்டு, இரண்டு ஃபோர்க்கும் தாமாக நேரான பிறகுதான் வரிசையாக இறுக்கினோம். கோணலாக இறுகினால் ராடு ஒரு பக்கமாகவே சீலை உரசும்.

பிரேக் பேடுகளையும் மாற்றினேன். எண்ணெய் குடித்த பேடை நெருப்பில் காட்டியோ உப்புத்தாளில் தேய்த்தோ திரும்பப் போடலாம் என்று சிலர் சொல்வார்கள். உள்ளே இறங்கிய எண்ணெய் பேடு சூடானதும் மேலே வரும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டிஸ்க்கைப் பிரேக் கிளீனரால் துடைத்தோம். கொட்டிய எண்ணெயை அண்ணன் கழிவு ஆயில் கேனில் ஊற்றி வைத்தார். அதைச் சாக்கடையில் விட யாரையும் அவர் அனுமதிப்பதில்லை.

இப்போது ஒன்பது மாதம் ஆகிறது, ஏழாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டது. ராடு காய்ந்தே இருக்கிறது. வாரம் ஒருமுறை ஈரத்துணியால் ராடைத் துடைக்கிறேன், முக்கியமாகப் பின்பக்கம். காய்ந்த சேறும் ஒட்டிய பூச்சியும் அங்கேதான் சேர்கின்றன. வாட்டர் சர்வீஸ் விடும்போது டஸ்ட் சீலுக்கு நேராகத் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம் என்று பக்கத்தில் நின்று சொல்கிறேன்.

தூத்துக்குடியில் அதே கொட்டகையில் இப்போது சித்தப்பாவின் வண்டி நிற்கிறது. அவர் வெளிநாட்டில் இருக்கிறார். என் பழைய ராடைப் பேப்பரில் சுற்றி எடுத்துப் போய் அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டு, நகத்தை வைத்து அந்த மூன்று குழிகளையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பதினைந்து நாளுக்கு ஒருமுறை எண்ணெய்த் துணியால் சித்தப்பா வண்டியின் ராடைத் துடைத்து, முன்பக்கத்தை நான்கு முறை அமுக்கி விடுகிறார். செய்த அன்று ராத்திரி போன் போட்டு, "இன்னைக்குத் தொடச்சிட்டேன்ப்பா" என்கிறார்.